‘பாவம், அவர் அம்மா இறந்துட்டாங்க’: கான்யே வெஸ்டின் தமிழ் ரசிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளுக்கு,

போன மாதம் என் அக்கா மகன் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தான். வயது பதினைந்து. நெஞ்சில் அந்தக் கரடி படம் போட்ட டி-ஷர்ட், கான்யேவின் ஆல்பம் அட்டையில் வரும் கரடிதான், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடும்போது பேச்சு எங்கெங்கோ சுற்றிவிட்டு அமெரிக்க ராப் பாடகர் கான்யேவிடம் வந்து நின்றது. "ஹிட்லரைப் புகழ்ந்த ஆள்டா அவன், இன்னும் அவன் கரடியைச் சுமந்துக்கிட்டுத் திரியுற" என்றேன். ரசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னான்: "சித்தி, பாவம், அவர் அம்மா இறந்ததிலிருந்துதான் இப்படி ஆயிட்டாரு. லவ்வும் புட்டுக்கிச்சு. பைபோலார்ங்கிற மனநோய் வேற. மனசு உடைஞ்ச மனுஷன், விடுங்க."

அவனோடு வந்த நண்பர்கள் இருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். அதே பதில், அதே வரிசையில்: அம்மா, காதல், நோய். யாரோ அச்சடித்து வீடு வீடாக விநியோகித்த மாதிரி. அதனால் ஒருவனிடம் சண்டை போடுவதை விட்டுவிட்டு உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் ஒன்று. நான் கான்யேவைக் கேட்காதவள் இல்லை. அந்தப் பாட்டுகளோடு எனக்கு உங்களைவிடப் பழைய கணக்கு இருக்கிறது, அது தீராத கணக்கும்கூட.

2006-இல் மதுரையிலிருந்து சிகாகோவுக்குப் படிக்க வந்தேன். அங்கே புதிதாக இறங்கும் இந்திய மாணவர்களுக்கு சீனியர்கள் கொடுக்கும் முதல் அறிவுரை, எந்த பேங்கில் கணக்கு தொடங்குவது என்பதுகூட அல்ல, "சவுத் சைடு பக்கம் போயிடாதே" என்பதுதான். நான் போனேன், ஏனென்றால் எனக்குப் பிடித்தவன் அங்கே இருந்தான். சாத்தம் என்று ஒரு பகுதி, கறுப்பின நடுத்தரக் குடும்பங்கள் தலைமுறையாக வாழும் இடம். செங்கல் வீடுகள், முன்னால் வெட்டி ஒழுங்கு செய்த புல், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும் தொப்பி போட்ட பாட்டிகள். முதல் தடவை பார்த்தபோது எங்கள் ஊர் டிவிஎஸ் நகர் ஞாபகம்தான் வந்தது. அவன் அம்மா பள்ளி ஆசிரியை, அப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டிலும் ஒரு டீச்சர், ஒரு கவர்ன்மென்ட் உத்தியோகம். ஜாதகம் பார்த்திருந்தால் பத்துக்கு ஒன்பது பொருந்தியிருக்கும்.

அவன்தான் எனக்கு கான்யேவின் முதல் ஆல்பத்தை, 2004-இல் வந்த ‘தி காலேஜ் டிராப்அவுட்’ சிடியைக் கொடுத்தான். அவர்கள் வட்டாரத்தில் கான்யே வெறும் ராப் பாடகர் இல்லை, டாக்டர் டோண்டா வெஸ்ட்டின் பையன். ரெட் லைன் ரயிலின் தெற்குக் கடைசி நிலையம் 95-ஆம் தெரு, அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சிகாகோ ஸ்டேட் பல்கலைக்கழகம், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய இடம். டோண்டா வெஸ்ட் அங்கே ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்தவர். அப்பா ரே வெஸ்ட், கறுப்பின உரிமைக்காகப் போராடிய பிளாக் பாந்தர் இயக்கத்தில் இருந்த புகைப்படக்காரர். பேராசிரியர் மகன் காலேஜை விட்டுவிட்டு இசைக்குப் போனான், அதையே ஆல்பத்துக்குத் தலைப்பாகவும் வைத்தான் என்றால் அந்தத் தெருக்களில் அது எவ்வளவு பெரிய குறும்பு என்று யோசித்துப் பாருங்கள், நம் வீடுகளில் இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்ட பையனுக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தவர்கள்தானே நீங்கள்.

அப்புறம் 2005 கதை. அது நடந்தபோது நான் மதுரையில் இருந்தேன், எனக்குத் தெரியாது, அவன்தான் வீடியோவைப் போட்டுக் காட்டினான். ஆகஸ்ட் 29-ஆம் தேதி கத்ரீனா புயல் கரையைக் கடந்தது. நியூ ஆர்லியன்ஸில் கரைகள் உடைந்து ஊர் மூழ்கிப் போக, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், கூரை மேல் ஏறி நின்று கையசைத்துக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். செப்டம்பர் 2-ஆம் தேதி என்பிசியில் நிதி திரட்டும் நேரலை. நகைச்சுவை நடிகர் மைக் மையர்ஸ் எழுதிக் கொடுத்ததை ஒழுங்காகப் படித்துக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் கான்யே, குரல் நடுங்குகிறது, எழுதிக் கொடுத்ததை விட்டுவிடுகிறார். கறுப்பினக் குடும்பத்தைக் காட்டினால் கொள்ளையடிக்கிறார்கள் என்கிறீர்கள், வெள்ளைக் குடும்பத்தைக் காட்டினால் சாப்பாடு தேடுகிறார்கள் என்கிறீர்கள் என்று தொடங்கி, எங்கெங்கோ தடுமாறி, கடைசியில் கேமராவைப் பார்த்து ஒரே வாக்கியம்: கறுப்பின மக்களைப் பற்றி ஜார்ஜ் புஷ்ஷுக்கு அக்கறை இல்லை. மையர்ஸ் முகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த நொடி கேமரா வேறு ஆளிடம் ஓடிவிடும். அந்த ஒரு வாக்கியம் தன் பதவிக்காலத்தின் மிக மோசமான தருணங்களில் ஒன்று என்று 2010-இல் புஷ் சொன்னார், மூழ்கிய ஊரைவிட அது வலித்ததோ என்னவோ.

இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன். அன்றைக்கு அந்த மனிதர் நடுங்கிக்கொண்டு, எழுதிக் கொடுத்ததைத் தாண்டி, கோர்வை இல்லாமல்தான் பேசினார். யாராவது "பாவம், உடம்பு சரியில்லை" என்றோமா?

2007 நவம்பர் 10-ஆம் தேதி டோண்டா வெஸ்ட் இறந்துபோனார். அழகு அறுவை சிகிச்சைக்கு மறுநாள், வயது 58. அன்று என் சினேகிதனின் அம்மா டிவி முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அடுத்த வருடம் கான்யேவும் அவருக்கு நிச்சயமாகியிருந்த அலெக்சிஸ் ஃபைஃபரும் பிரிந்தார்கள். 2008-இன் பிற்பாதியில் சில வாரங்களில், பெரும்பாலும் ஹவாயில் உட்கார்ந்து, அவர் ‘808s & ஹார்ட்பிரேக்’ என்று ஒரு ஆல்பம் செய்தார். நவம்பர் 24-ஆம் தேதி வந்தது. அதாவது ஒபாமா ஜெயித்த இருபதாவது நாள்.

நவம்பர் 4 இரவு நானும் அவனும் கிராண்ட் பார்க்கில் இருந்தோம். இரண்டு லட்சத்துக்கும் மேல் கூட்டம். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன் அம்மா போனில் பேச முடியாமல் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். விடிந்ததும் மதுரையிலிருந்து என் அப்பாவின் போன், அவ்வளவு குஷியாக அவர் பேசி நான் கேட்டதில்லை: "நம்மாளு ஜெயிச்சுட்டான் பார்த்தியா!" நம்மாளு. அந்த வார்த்தையை நம்பித்தான் அடுத்த வாரம் நான் அவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு மெதுவாக, கோபமே இல்லாமல் சொன்னார்: "வெள்ளைக்காரன்னாக்கூட ஊர்ல எதையாவது சொல்லிச் சமாளிச்சுக்கலாம்மா."

நான் சண்டை போட்டேன் என்று எழுத ஆசைதான். போடவில்லை. ஒரு மாதம் இழுத்தேன், அம்மாவுக்கு பிரஷர் என்றார்கள், அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம் என்றார்கள் (அந்த அக்காவின் மகன்தான் இன்றைக்குக் கரடி டி-ஷர்ட்), டிசம்பரில் ஒரு நாள் 95-ஆம் தெரு பிளாட்பாரத்தில், மூக்கு உறைகிற குளிரில், அவனிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் மறைக்கவில்லை. அவன் சிரித்தான். "உங்க அப்பாவுக்கு வெள்ளை மாளிகையில் நாங்க இருந்தா சந்தோஷம், உங்க வீட்டுல இருந்தாதான் கஷ்டம், அப்படித்தானே?" ரயில் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் ஐபாடில் அந்தப் புது ஆல்பத்தைப் போட்டேன்.

சரி, ஆல்பத்துக்கு வருகிறேன், இது இல்லாமல் என் பேச்சுக்கு அர்த்தமில்லை. தலைப்பில் இருக்கிற 808 என்பது ரோலண்டு என்ற ஜப்பான் கம்பெனி 1980-இல் கொண்டுவந்த தாள இயந்திரம். நிஜ டிரம் மாதிரி இல்லையே என்று அந்தக் காலத்தில் பலர் சீந்தவில்லை, சுமார் பன்னிரண்டாயிரம் செய்து 1983-இல் நிறுத்திவிட்டார்கள். அதன் தனி ஒலிக்குக் காரணம், ஒழுங்காக வேலை செய்யாது என்று கழிக்கப்பட்ட டிரான்சிஸ்டர்கள். அந்தக் கழிவுச் சரக்கு கிடைக்காமல் போனதும் இயந்திரத்தையும் செய்ய முடியாமல் போயிற்று. (பழுதிலிருந்து பிறந்த இசை என்று உடனே கவிதை எழுதிவிடாதீர்கள், ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்.) அப்புறம் நடந்ததுதான் முக்கியம். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்த அந்தப் பெட்டியைக் காசில்லாத கறுப்பின இளைஞர்கள் வாங்கி, ஹிப்-ஹாப்பின் அடிவயிற்றுச் சத்தத்தையே அதில்தான் உண்டாக்கினார்கள். கான்யே அந்தத் தாளத்தின் மேல் ராப்பை ஓரங்கட்டிவிட்டுப் பாடினார், சுருதி சேராத தன் குரலை ஆட்டோ-டியூன் மென்பொருளில் போட்டு, தகர டப்பாவுக்குள் இருந்து அழுகிற மாதிரி. அன்றைக்குப் பாதிப் பேர் சிரித்தார்கள். இன்று நீங்கள் கேட்கிற சோக ராப்பில் பாதி, டிரேக்கில் தொடங்கி, அந்த டப்பாவிலிருந்து வந்ததுதான். அதில் எனக்கு மறுப்பே கிடையாது.

அந்தக் குளிர்காலம் முழுக்க, போகும்போதும் வரும்போதும் அதையே கேட்டேன். கேட்டு அழுதேன். கைவிடப்பட்டவள், யாருமில்லாதவள், உலகம் புரிந்துகொள்ளாதவள் என்று என்னை நானே தடவிக்கொடுத்தபடி. எனக்கு உறைக்கக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆயிற்று: கைவிட்டது நான். அவனுக்கு அல்லவா அந்தப் பாட்டு சொந்தம்? நான் செய்த காரியத்துக்கு, அவன் ஊர்க்காரர் ஒருவரின் துக்கத்தை இரவல் வாங்கிப் போர்த்திக்கொண்டேன், யாரும் கேள்வி கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஆல்பம் அப்படி உட்கார வைக்கும். பாட்டுக்குப் பாட்டு அவர் ஒரு பெண்ணைக் குற்றம் சாட்டிக்கொண்டே போவார். அவள் பக்கம் என்ன என்று ஒரு வரிகூட வராது. ஃபைஃபருக்கும் மனசு உடைந்திருக்கும் இல்லையா? அதைப் பற்றி இத்தனை வருடத்தில் யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? உடைந்த மனசோடு இருப்பவர் இன்னொருவரை உடைத்தவராகவும் இருக்கலாம், பாட்டு அழகாக இருந்தால் அது நம் கண்ணில் படுவதில்லை.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. 2009 பிப்ரவரியில் அப்பாவிடமிருந்து ஒரு மெயில். கிராமி மேடையில் நிறைமாத வயிற்றோடு மாயா அருள்பிரகாசம் பாடுகிற படம், பக்கத்தில் கான்யே, ஜே-ஸீ, லில் வெய்ன், டி.ஐ. "ரஹ்மான் கூட ஆஸ்கர் நாமினேஷன் வாங்குன இலங்கைத் தமிழ்ப் பொண்ணு, நம்ம பொண்ணு!" என்று எழுதியிருந்தார். நாலு கறுப்பின ஆண்களுக்கு நடுவே நின்ற தமிழ்ப் பெண்ணைப் பார்த்து அவருக்கு அவ்வளவு பெருமை. நான் பதில் போடவில்லை.

இப்போது உங்கள் அச்சடித்த பதிலுக்கு வருகிறேன்.

2016 நவம்பரில் சான் ஹோசே கச்சேரியில், தான் ஓட்டுப் போடவில்லை, போட்டிருந்தால் டிரம்புக்குத்தான் என்றார். சில நாளில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், அது உண்மை, அந்த மனிதர் துன்பப்பட்டார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. டிசம்பரில் டிரம்ப் டவரில் போய் நின்றார். 2018 மே 1-ஆம் தேதி டிஎம்ஸீ என்ற சினிமா, இசைப் பிரபலங்கள் பற்றிய செய்தி நிறுவனத்தின் அலுவலகத்தில், நானூறு வருட அடிமைத்தனத்தைப் பற்றி, அது அவர்களே தேர்ந்தெடுத்த மாதிரி இருக்கிறது என்றார். அந்த அறையிலேயே வேலை பார்த்த வான் லேதன் என்ற கறுப்பின இளைஞர் எழுந்து பதில் சொன்னார்: நீங்கள் மேதையாக வாழ்ந்துகொண்டிருக்கிறீர்கள், உங்கள் வார்த்தையின் விளைவை மற்ற நாங்கள்தான் வெளியே சுமக்க வேண்டியிருக்கிறது என்ற பொருளில், குரல் உடைய. உடைந்த மனசைப் பார்க்க ஆசையென்றால் அந்த வீடியோவைப் பாருங்கள்.

அதே வருடம் அக்டோபர் 11, வெள்ளை மாளிகையில் டிரம்பின் ஓவல் ஆபீஸ். தலையில் டிரம்ப் ஆதரவாளர்கள் போடும் சிவப்புத் தொப்பி. அங்கே கான்யே சொன்னதை உங்கள் கட்சிக்கே நான் எடுத்துக் கொடுக்கிறேன்: அம்மாவும் அப்பாவும் பிரிந்துவிட்டதால் வீட்டில் ஆண் துணை போதவில்லை, இந்தத் தொப்பியைப் போட்டதும் சூப்பர்மேன் மாதிரி உணர்கிறேன் என்றார். அதாவது வீட்டுத் துக்கத்தை அரசியலாக மாற்றியது நீங்கள் கண்டுபிடித்த விளக்கம் அல்ல, அவரே சொன்னது. ரே வெஸ்ட்டின் மகன், அப்பா இல்லாத குறையைத் தீர்க்க அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார் என்பதைப் பார்த்தபோது எனக்கும் நெஞ்சு கனத்தது. ஆனால் விளக்கம் கிடைத்துவிட்டால் கணக்கு தீர்ந்துவிடுமா? அந்தத் தொப்பிக்குக் கீழே என்ன கொள்கை இருந்தது, அதன் செலவை யார் கட்டினார்கள்?

2020-இல் அவரே ஜனாதிபதி தேர்தலில் நின்றார், 12 மாநிலங்களில் பெயர் இருந்தது, மொத்தம் எழுபதாயிரம் ஓட்டுப் போல. அந்தப் பிரச்சாரத்தின் முதல் மேடையில், ஹேரியட் டப்மன் அடிமைகளை உண்மையில் விடுவிக்கவே இல்லை என்றார். பிடிபட்டால் மரணம் என்று தெரிந்தும் மறுபடி மறுபடி தெற்கே போய் எழுபது பேரை நடத்திக் கூட்டிவந்த பெண்மணி அவர். 2022 அக்டோபரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் சாவுக்குப் போதை மருந்தைக் காரணம் காட்டினார், கழுத்தில் முழங்காலை அழுத்திய போலீஸ்காரருக்குக் கொலைக் குற்றத் தீர்ப்பு வந்து ஒன்றரை வருடம் ஆன பிறகு. அதே மாதம் யூதர்களுக்கு எதிராகப் பேசியதும் அவரோடு சேர்ந்து காலணி விற்ற அடிடாஸ் உறவை முறித்தது, டிசம்பரில் ஹிட்லர். பாருங்கள், அடிமைகள் விஷயத்திலும் டப்மன் விஷயத்திலும் எந்த கம்பெனியும் அசையவில்லை.

நோய் என்பீர்கள். பைபோலார் இருப்பதை 2018 ஆல்பத்தின் அட்டையிலேயே அவர் எழுதினார். எங்கள் குடும்பத்திலும் ஒருவருக்கு இருக்கிறது, முப்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். மோசமான நாட்களில் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டுவார், நடுராத்திரியில் பரணைச் சுத்தம் செய்வார். யார் மேலும் இனவெறியைக் கக்கியதில்லை. கான்யேவைக் காப்பாற்ற நீங்கள் அந்த நோய் உள்ள எல்லோர் தலையிலும் அதைக் கட்டிவிடுகிறீர்கள்.

எனக்கு உண்மையில் உறுத்துவது இது. 2005-இல் புஷ்ஷைப் பற்றிச் சொன்னதை முழு அறிவோடு ஒரு கறுப்பின மனிதர் சொன்ன அரசியல் வாக்கியமாக எடுத்துக்கொண்டோம். நமக்குப் பிடித்திருந்தது. 2018-இல் சொன்னது பிடிக்கவில்லை, உடனே அது அம்மா இறந்த துக்கம், காதல் தோல்வி. பிடித்ததைச் சொன்னால் தீர்க்கதரிசி, பிடிக்காததைச் சொன்னால் பாவப்பட்ட பிள்ளை. இது அன்பு இல்லை, அந்த ஆளை முழு மனிதராகவே எண்ணாத பழக்கம். அவர் சொன்னதைச் சொன்னதாகவே எடுத்துக்கொண்டு, தப்பு என்று சொல்வதுதான் குறைந்தபட்ச மரியாதை. என் சினேகிதனின் அம்மாவும் அப்பாவும் சாத்தத்தில் அப்படித்தான் செய்திருப்பார்கள், வீட்டுப் பிள்ளையைக் கேட்கிற மாதிரி முகத்துக்கு நேராக.

நாம் இப்படிப் பாதியை எடுத்துக்கொண்டு பாதியை விடுவது கான்யேவோடு நிற்பதில்லை. கமலா ஹாரிஸ் 2020-இல் மேடையில் "சித்தி" என்று சொன்னதும் எங்கள் வீட்டில் அப்பா உட்பட எல்லோரும் உருகிப்போனார்கள், அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் பூஜை. 2024 ஜூலையில் அதே சிகாகோவில், கறுப்பினப் பத்திரிகையாளர்கள் முன்னாலேயே, அவர் திடீரென்று கறுப்பராக மாறிவிட்டார் என்று டிரம்ப் சொன்னபோது நம் ஆட்களுக்கும் கோபம் வந்தது. ஆனால் நாமும் அவரைத் தமிழ்ப் பெண்ணாக மட்டும்தானே கொண்டாடினோம், ஜமைக்காவிலிருந்து வந்த அவர் அப்பாவைப் பற்றி எங்கள் வீட்டில் பேச்சே எழவில்லை. கமலாவின் அம்மா ஷ்யாமளா கோபாலன் அந்த டொனால்டு ஹாரிஸைக் கல்யாணம் செய்துகொண்டது 1963-இல். அந்தப் பெண்மணி அப்போது செய்ததை நாற்பத்தைந்து வருடம் கழித்து ஐபாடும் முதுகலைப் பட்டமும் வைத்திருந்த நான் செய்யவில்லை. டிவியில் கமலாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கணக்குதான் மனசில் ஓடும்.

"அப்போ பாட்டே கேட்கக் கூடாதா சித்தி?" என்றான் அக்கா மகன். நான் அப்படிச் சொல்லவில்லை. நானே கேட்கிறேன், போன வாரம்கூட காரில். அந்த ஆல்பத்தின் கடைசியில் ஒரு நேரடிப் பதிவு இருக்கும், சிங்கப்பூர் மேடையில் அவர் அந்த நிமிடத்தில் கட்டிப் பாடியது. புகழ் எனக்கு எதையும் தரவில்லை, நிஜமான ஒரு வாழ்க்கை வேண்டும் என்று உடைந்து அரற்றுகிறார். ஹெட்போனில் கேளுங்கள், கூட்டம் உற்சாகமாகக் கத்துகிறது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தியாகத்தான் நானும் ரொம்ப நாள் இருந்தேன்.

கிளம்பும்போது அவன் என் புத்தக அலமாரியிலிருந்து அந்தப் பழைய சிடியை எடுத்துவிட்டான், 2004 பதிப்பு, அட்டையின் உள்பக்கத்தில் நீல மையில் ஒரு பெயர். ஒரிஜினலாச்சே, நான் வெச்சுக்கவா என்று கேட்டான். கையிலிருந்து வாங்கித் திரும்ப அலமாரியில் வைத்தேன். எடுத்துக் கொடுக்க அது என்னுடையது இல்லை.

இப்படிக்கு,
அவனுடைய சித்தி